வெள்ளை மானுக்குச் சாயம் போனது எப்படி?

சீதை கேட்டது ஒரு மானை. அந்த மானின் நிறம் பொன்.

காட்டில் பொன் நிற மான் கிடையாது. அது மாயம் என்று லட்சுமணன் சொன்னான். ஆனாலும் ராமன் வில்லை எடுத்துக்கொண்டு அதன் பின்னால் போனான். அப்புறம் நடந்தது நாடறிந்த கதை.

நிறம் மாறிய மானைக் கண்டால் மனிதனுக்கு இருப்புக் கொள்வதில்லை. அன்று வில்லோடு ஓடினான். இன்று செல்போனோடு ஓடுகிறான்.

காட்டு ஓரத்தில் ஒரு வெள்ளை மான் தென்பட்டால் போதும். "அது சாமி மான்" என்பார் ஒருவர். "ஊருக்கு ஆகாது" என்பார் இன்னொருவர். திருப்பூர் வட்டாரமாக இருந்தால் மூன்றாவதாக ஒரு குரலும் எழும். "நொய்யல் தண்ணீரைக் குடித்திருக்கும். சாயக் கழிவில் தோல் வெளுத்துவிட்டது!"

மூன்றுமே தவறு. மூன்றில் மோசமானது மூன்றாவதுதான். அது விஞ்ஞானம் போலத் தோற்றம் அளிக்கிறது. அதனால் படித்தவர்களும் நம்பிவிடுகிறார்கள்.

தோலுக்குள் ஒரு சாயப்பட்டறை

மானின் நிறம் எங்கிருந்து வருகிறது? இதைப் புரிந்துகொள்ள திருப்பூர்க்காரர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியது இல்லை.

பனியனுக்கு நூல் எப்படியோ, அப்படித்தான் மானுக்கு முடி. முடிக்கு என்று சொந்த நிறம் கிடையாது. தோலில் முளைக்கும் இடத்திலேயே அதற்குச் சாயம் ஏற்றப்படுகிறது. அந்தச் சாயத்தின் பெயர் மெலனின்.

மெலனினில் இரண்டு வகை உண்டு. ஒன்று கறுப்பும் பழுப்பும் தரும். மற்றொன்று சிவப்பும் மஞ்சளும் தரும். இந்த இரண்டே சாயத்தை வைத்துக்கொண்டுதான் புள்ளிமானின் செம்பழுப்பு, கடமானின் கரும்பழுப்பு, கேளையாட்டின் செந்நிறம் எல்லாம் பிறக்கின்றன. எந்தச் சாயம், எவ்வளவு, எந்த இடத்தில் என்பதே கணக்கு. நீலமும் பச்சையும் அந்தப் பட்டறையில் இல்லை.

சாயம் தயாரிக்கும் தொழிலாளிகள் தோலில் இருக்கும் நிற உயிரணுக்கள். அவை வேலை செய்ய டைரோசினேஸ் என்ற நொதி வேண்டும். அந்த நொதிக்குள் செம்புச் சத்து இருக்க வேண்டும். தீவனத்தில் செம்பு குறைந்தால் கறுப்பு மாட்டின் முடிகூட மங்கிப் போகும். கண்ணைச் சுற்றி மூக்குக் கண்ணாடி மாட்டியது போல வெளுக்கும். கால்நடை டாக்டர்கள் இதை நன்கு அறிவார்கள். செம்புச் சத்து கொடுத்தால் புதிதாக முளைக்கும் முடியில் நிறம் திரும்பிவிடும்.

போடாத சாயம் போகாது

முழு வெள்ளை மானின் கதை வேறு. அதன் பட்டறையில் டைரோசினேஸ் பிறவியிலேயே சரியாக வேலை செய்வதில்லை. தொழிலாளி இருக்கிறான், சாயம் இல்லை. ஆகவே முடி வெள்ளை. தோல் இளஞ்சிவப்பு. கண்ணிலும் சாயம் இல்லாததால் உள்ளே ஓடும் ரத்தத்தின் சிவப்பு வெளியே தெரிகிறது. இதற்கு அல்பினோ என்று பெயர்.

இன்னொரு வகை வெள்ளை மானும் உண்டு. உடம்பு வெள்ளை, கண் மட்டும் கறுப்பு. இதில் தொழிலாளியே தோலுக்கு வந்து சேரவில்லை. கண்ணுக்குச் சாயம் போடும் உயிரணு வேறு வழியில் உண்டாவதால் அது தப்பிவிட்டது. ஊரார் இரண்டையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். கண்ணைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்.

திட்டுத் திட்டாக வெள்ளை விழுந்த மான்களும் உண்டு. இது எப்படி? கரு வளரும்போது நிற உயிரணுக்கள் முதலில் முதுகுத் தண்டின் பக்கம் தோன்றுகின்றன. பிறகு அங்கிருந்து கீழே இறங்கி உடம்பு முழுவதும் பரவுகின்றன. முதுகிலிருந்து தூரத்தில் இருப்பவை எவை? வயிறு, குளம்பு மேல் கால், நெற்றி. பயணம் பாதியில் நின்றால் அந்த இடங்களுக்குத்தான் சாயம் போய்ச் சேராது. மாட்டின் நெற்றியில் இருக்கும் சுட்டிக்கும், காலில் இருக்கும் வெள்ளைக்கும் இதுதான் காரணம்.

ஆகவே, வெள்ளை மானுக்குச் சாயம் போகவில்லை. சாயம் போடவே இல்லை! அது சலவைத் துணி அல்ல, கோராத் துணி.

இரட்டை நூல் கணக்கு

தாயும் தகப்பனும் செம்பழுப்பு. குட்டி மட்டும் வெள்ளை. இது எப்படி நடக்கும்?

ஒவ்வொரு குட்டிக்கும் தாயிடமிருந்து ஒரு நூல், தகப்பனிடமிருந்து ஒரு நூல் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இதைத்தான் விஞ்ஞானிகள் மரபணு என்கிறார்கள். இரண்டில் ஒரு நூல் நன்றாக இருந்தாலே போதும். மானுக்கு முழு நிறமும் வந்துவிடும். கெட்ட நூல் உள்ளே மறைந்து கிடக்கும். அந்த மானைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

இப்படிக் கெட்ட நூலை மறைத்து வைத்திருக்கும் ஆணும் பெண்ணும் சேர்ந்தால்? சராசரியாக நான்கு குட்டிக்கு ஒன்று இரண்டு கெட்ட நூலையும் வாங்கிக்கொண்டு பிறக்கும். அதுதான் வெள்ளைக் குட்டி.

பெரிய காட்டில் ஆயிரக்கணக்கான மான்கள் சுற்றித் திரியும்போது இப்படி இரண்டு மான்கள் சந்திப்பது அபூர்வம். ஆனால் காடு துண்டாகி, பத்து இருபது மான்கள் ஒரே இடத்தில் அடைபட்டால் என்ன ஆகும்? அண்ணன் தங்கை முறை பார்க்க அங்கே வழி இல்லை. சொந்தத்துக்குள்ளேயே குட்டி போடும். மறைந்து கிடந்த நூல்கள் ஒன்றோடு ஒன்று சேரும்.

வெள்ளை நிறம் வெளியே தெரிகிறது. அதனால் கூட்டம் கூடி வேடிக்கை பார்க்கிறது. அதே வழியில் வரும் மற்றக் கோளாறுகள் வெளியே தெரிவதில்லை. நோயைத் தாங்க முடியாத உடம்பு, பிறந்த சில நாளில் சாகும் குட்டி. இவற்றைப் படம் பிடிக்க யாரும் போவதில்லை.

ஒடிசாவில் சிமிலிபால் காட்டில் இதே கதை புலிக்கு நடந்திருக்கிறது. அங்கே சில புலிகளின் கறுப்புக் கோடுகள் தடித்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு, புலியே கறுப்பாகத் தோன்றுகிறது. பெங்களூரில் உமா ராமகிருஷ்ணன் என்ற விஞ்ஞானியின் குழுவினர் இதை ஆராய்ந்து 2021-ம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். ஒரே ஒரு மரபணுவில் ஏற்பட்ட மாற்றமே காரணம் என்றார்கள். அந்தக் காட்டில் ஏறத்தாழ 100 புலிக்கு 37 இப்படி இருந்தன. மற்றப் புலிக்காடுகளோடு தொடர்பு அறுந்து, சிமிலிபால் தனித் தீவாகி நிற்பதன் விளைவு இது.

உடுமலைக் காட்டில் சாம்பல் மாடு

திருப்பூர் மாவட்டத்துக்குள்ளேயே ஒரு நிற விந்தை இருக்கிறது. அது மான் அல்ல, மாடு. மாவட்டத்தில் பலருக்கு அது தெரியாது என்பதுதான் வருத்தம்.

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே, அமராவதி அணைக்கு அப்பால், ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் கிழக்குக் கோடியில் மஞ்சம்பட்டிப் பள்ளத்தாக்கு இருக்கிறது. மலை மறைவில் இருப்பதால் மழை குறைவு. அந்தப் பள்ளத்தாக்கின் காட்டு மாடுகளில் சில சாம்பல் நிறத்தில் தென்படுவது உண்டு. வெள்ளைக்காரர் காலத்து வேட்டைக்காரர்களே இதைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார்கள். "மஞ்சம்பட்டி வெள்ளைக் காட்டெருமை" என்று அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள்.

காட்டு மாட்டின் காளை கிட்டத்தட்டக் கறுப்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் காலுறை போட்டது போல இருக்கும். அதன் நடுவே சாம்பல் மாடு நின்றால் எப்படி இருக்கும்! ஆனால் இது அல்பினோ அல்ல. நிறம் அடியோடு இல்லாமல் போகவில்லை. மங்கி இருக்கிறது, அவ்வளவுதான். ஒரே இடத்தில் தலைமுறை தலைமுறையாக வருவதால் இது நோய் அல்ல, வம்சத்தில் வருவது என்று கொள்ளலாம்.

அந்தப் பள்ளத்தாக்கில் சாயப்பட்டறை எதுவும் கிடையாது. வேட்டைக்காரர்கள் அந்த மாட்டைக் கண்ட நாளில் திருப்பூரிலும் இன்றைய சாயப்பட்டறைகள் இல்லை. சாயத் தண்ணீர்தான் நிறத்தை மாற்றுகிறது என்பவர்களுக்கு இந்த ஒரு மாடே பதில்.

காங்கேயம் காளையும் கறுப்பு மானும்

நிறம் மாறுவதெல்லாம் கோளாறு என்றும் நினைத்துவிடக் கூடாது.

காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறம். ஆறு மாதம் ஆனால் சாம்பலாக மாறும். காளை வளர வளர அதன் திமிலும், முன்னத்தையும் பின்னத்தையும் கறுத்துக்கொண்டே வரும். அதே காளைக்குக் காயடித்துவிட்டால்? கறுப்பு ஏறுவதில்லை. எருதாக வெளிர் சாம்பலில் நிற்கும். கறுப்பை ஏற்றுவது ஆண்மைச் சுரப்பு நீர். காங்கேயம், தாராபுரம் பக்கத்து விவசாயி இதைப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தொழுவத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டார்.

வெளிமானுக்கும் இதே விதிதான். குட்டியும் பெண்ணும் மணல் நிறம். ஆண் மட்டும் இரண்டு மூன்று வயதில் கறுக்கத் தொடங்கும். முழு வளர்ச்சி அடைந்த ஆண் மேலே கறுப்பு, அடியில் வெள்ளை என்று கோட்டு போட்ட கனவானைப் போல நிற்கும். கோடிக்கரையிலும், தூத்துக்குடி மாவட்டத்து வல்லநாட்டிலும், மோயாற்றுப் பள்ளத்தாக்கிலும் இன்றும் பார்க்கலாம். (வெளிமான் உண்மையில் மான் குடும்பம் அல்ல, அதன் கொம்பு விழுந்து முளைப்பதில்லை. ஆனால் தமிழன் அதையும் மான் என்றே அழைத்துவிட்டான். இருக்கட்டும்.)

புள்ளிமானில் வயதான கலைமான் மற்றவற்றைவிடக் கறுத்திருக்கும். அமெரிக்காவில் டெக்சாஸ் ராஜ்யத்தின் நடுப்பகுதியில் வெள்ளை வால் மான்களிலேயே கறுப்பு மான்கள் கணிசமாக உண்டு. இங்கிலாந்தில் ஈப்பிங் காட்டு மான்களில் பெரும்பாலானவை கறுப்பு. யாரும் பயந்து ஓடுவதில்லை.

நீல நாய்

சாயம் மிருகத்தின் மேல் ஒட்டவே ஒட்டாதா? ஒட்டும். 2017-ம் ஆண்டு நவி மும்பையில் தலோஜா தொழிற்பேட்டையில் நாய்கள் நீல நிறத்தில் திரிந்தன. ஒரு தொழிற்சாலையின் சாயம் அவற்றின் மேல் படிந்திருந்தது. படம் உலகமெங்கும் போயிற்று. அதிகாரிகள் வந்தார்கள். தொழிற்சாலை மூடப்பட்டது.

அது மேலே ஒட்டிய நிறம். தேய்த்துக் கழுவினால் போகும். முடியின் வேரைப் பார்த்தால் பழைய நிறம் இருக்கும். குட்டிக்கு அது வராது. வெள்ளை மானின் வெள்ளையோ வேரிலிருந்து வருவது.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்ல வேண்டும்? சாயத் தொழிலுக்கு வக்காலத்து வாங்குவதற்காக அல்ல. நொய்யலுக்கு நடந்தது சின்னக் காரியமா? பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாக ஆயிற்று. கிணறுகள் கெட்டன. தென்னை கெட்டது. விவசாயிகள் வருடக்கணக்கில் கோர்ட்டு ஏறினார்கள். 2011 ஜனவரியில் சென்னை ஐகோர்ட்டு சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி உத்தரவிட்டது. அதற்குப் பிறகுதான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே போகக் கூடாது என்ற ஏற்பாடு இறுகியது.

இந்தக் குற்றச்சாட்டுகள் தண்ணீரைச் சோதித்து நிரூபிக்கப்பட்டவை. அதோடு "மானை வெளுக்க வைத்தது" என்று ஒரு பொய்யையும் சேர்த்துக் கட்டினால் என்ன ஆகும்? மானின் கதை பொய் என்று ஒரே நாளில் காட்டிவிடலாம். அப்போது கிணற்றின் கதையையும் சேர்த்துப் பொய் என்பார்கள். நஷ்டம் விவசாயிக்குத்தான்.

வேலி போட்டு வளர்க்கலாமா?

வெள்ளை மான் அபூர்வம் என்றவுடன் சிலருக்கு ஒரு யோசனை உதிக்கிறது. பிடித்து வேலிக்குள் விட்டால் என்ன? பெருக்கினால் என்ன? ஜனங்கள் டிக்கெட்டு வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பார்களே!

செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

1951-ம் ஆண்டு ரேவா மகாராஜா மார்த்தாண்ட சிங் காட்டில் ஒரு வெள்ளைப் புலிக்குட்டியைப் பிடித்தார். மோகன் என்று பெயர் வைத்தார். சாதாரணப் பெண் புலியோடு சேர்த்தபோது வெள்ளைக் குட்டி பிறக்கவில்லை. பிறகு மோகனை அதன் மகள் ராதாவோடே சேர்த்தார்கள். 1958-ல் வெள்ளைக் குட்டிகள் பிறந்தன. உலகத்து மிருகக்காட்சிச் சாலைகளில் உள்ள வெள்ளைப் புலிகளில் மிகப் பெரும்பாலானவை மோகனின் வம்சம். தகப்பனும் மகளும் சேர்ந்த வம்சம் எப்படி இருக்கும்? பலவற்றுக்கு மாறுகண். நோஞ்சான் குட்டிகள் அதிகம். வண்டலூரில் வெள்ளைப் புலியின் முன்னால் குழந்தைகள் கைதட்டி மகிழ்கின்றன. அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க மனம் வரவில்லை. ஆனால் காட்டுப் புலியைக் காப்பாற்ற அந்த வெள்ளைப் புலியால் ஒரு பயனும் இல்லை.

சென்னை கிண்டியிலும் ஒரு சம்பவம் உண்டு. 1948 முதல் 1952 வரை சென்னை மாகாணக் கவர்னராக இருந்தவர் பாவ்நகர் மகாராஜா கிருஷ்ணகுமார் சிங். அவருடைய ஊர் வெளிமானுக்குப் பேர் போனது. அங்கிருந்து சில வெள்ளை வெளிமான்களைக் கொண்டுவந்து கிண்டியில் விட்டார். அழகுக்காகச் செய்த காரியம். கிண்டிக் காட்டுக்கு ஏற்கனவே வந்து சேர்ந்திருந்த புள்ளிமான்கள் பெருகின. வெளிமான்கள் குறைந்துகொண்டே வந்தன. வெளிமானுக்குத் திறந்த புல்வெளி வேண்டும். அங்கே புதரும் மரமும் மண்டிவிட்டன. நிறத்தைப் பார்த்தவர்கள் புல்லைப் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் செனகா என்ற ராணுவ ஆயுதக் கிடங்கைச் சுற்றி 1941-ல் வேலி போட்டார்கள். உள்ளே மான்களும் மாட்டிக்கொண்டன. சில வருடங்களில் வெள்ளை மான் தென்பட்டது. வெள்ளையைச் சுடக் கூடாது என்று ராணுவ அதிகாரி உத்தரவு போட்டார். பழுப்பு மான்கள் குண்டுக்கு இரையாயின. வெள்ளை மான்கள் பெருகின. ஒரு காலத்தில் சுமார் 200 வெள்ளை மான்கள் அங்கே இருந்தன. இன்று அது சுற்றுலா இடம். வெள்ளை மானைக் கொண்டாடுபவர்கள் இந்த உதாரணத்தைத்தான் காட்டுவார்கள். அங்கே காவலுக்குத் துப்பாக்கி ஏந்திய ராணுவம் இருந்தது. சுற்றிலும் முள்கம்பி வேலி இருந்தது. செந்நாயும் சிறுத்தையும் இல்லை. ஆனைமலையிலும் சத்தியமங்கலத்திலும் இவை எல்லாம் உண்டு. புள்ளிமானின் புள்ளி, மர நிழலில் விழும் வெயில் பொட்டுக்குள் கலந்து அதைக் காப்பாற்றுகிறது. வெள்ளை மானுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அல்பினோவாக இருந்தால் வெயிலில் கண் கூசும்; பார்வையும் மட்டு.

புதுப்பாளையத்துப் புள்ளிமான்

அவிநாசி வட்டாரத்தில், கௌசிகா நதிப் பக்கம், புதுப்பாளையத்தை ஒட்டிய இடங்களில் புள்ளிமான்கள் இருக்கின்றன. மலைக்காட்டிலிருந்து வெகு தூரத்தில், தோட்டங்களுக்கும் ரோட்டுக்கும் கம்பெனிகளுக்கும் நடுவே அவை பிழைத்துக் கிடக்கின்றன. இரவு ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் வண்டி வெளிச்சத்தில் அவற்றின் கண் மின்னும்.

அவை எல்லாம் சாதாரணச் செம்பழுப்பு மான்கள். பத்திரிகையில் படம் வரும் அளவுக்கு எந்த விந்தையும் அவற்றிடம் இல்லை. நாய் துரத்திச் செத்தால் ஒரு மூலையில் நான்கு வரிச் செய்தி வரும். அவ்வளவுதான்.

வெள்ளை மான் பிறந்தால் மந்திரி வந்து பார்ப்பார். பழுப்பு மான் கிணற்றில் விழுந்தால் கயிறு கொண்டுவர ஆள் தேட வேண்டி இருக்கிறது. இந்த நியாயம் எந்த ஊர் நியாயம்?

இந்தக் கூட்டங்களுக்கு வேண்டியது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. நதிப் புறம்போக்கில் புதர் நிற்க வேண்டும். ஒரு கூட்டத்து மான் இன்னொரு கூட்டத்துக்குப் போய் வர அந்தப் புதர்தான் வழி. மனை போட்டு விற்பதற்காக அதை வெட்டினால் கூட்டம் இரண்டாகும். இரட்டை நூல் கணக்கு உடனே வேலை செய்யத் தொடங்கும். அப்புறம் ஒரு நாள் வெள்ளைக் குட்டி பிறக்கலாம். ஊரே திரண்டு அதிசயம் என்று சொல்லலாம்.

அப்படி ஒரு குட்டி பிறந்துவிட்டால் என்ன செய்வது? பக்கத்தில் போகக் கூடாது. துரத்திப் படம் எடுக்கக் கூடாது. பயந்து ஓடும் மான் மூச்சு முட்டியே செத்துப்போவது உண்டு. குட்டி தனியாகக் கிடந்தால் அனாதை என்று நினைத்து வீட்டுக்குத் தூக்கி வரக் கூடாது. தாய் மான் புல் மேயப் போயிருக்கும், திரும்பி வரும். மானைப் பிடிப்பதும் வளர்ப்பதும் 1972-ம் வருடத்து வனவிலங்குச் சட்டப்படி குற்றம். வனத்துறைக்குத் தகவல் சொன்னால் போதும்.

தோட்டத்து நாயை ராத்திரியில் கட்டிப்போட வேண்டும். சுவர் இல்லாத கிணற்றுக்கு இடுப்பு உயரம் கம்பி கட்ட வேண்டும். சித்திரை, வைகாசியில் ஆற்றோரம் ஒரு தொட்டியில் நல்ல தண்ணீர் நிரப்பி வைத்தால் மான் ரோட்டைத் தாண்டி வராது.